நீ அனுப்பப்போகும் வரைபடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ லூயிஷாமில் இருக்கிறாய், நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறோம். இடையில் இருப்பது ஓர் ஆறும் இரண்டு ரெயினும்தான். போன் அடித்தால் எடுக்கிற பிள்ளைதான் நீ. அப்படியிருக்க அப்பா ஏன் பேனையும் கடுதாசியுமாக உட்கார்ந்தார் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ "ஓகே அப்பா, ஐ நோ அப்பா" என்பாய். நானும் "சரி, சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நாங்கள் இருவரும் இத்தனை வருடம் கதைத்த கதை அவ்வளவுதான். எழுதினால் உன்னால் இடையில் மறிக்க முடியாது. சனிக்கிழமை தோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் நின்று திரும்ப வாசி. தபாலை நம்பாமல் நாளைக் காலை நானே வந்து உன் கதவுத் துவாரத்தால் இதைப் போடுவேன்.

வெள்ளிக்கிழமை நீ உன் அறிக்கையை அனுப்பப் போகிறாய். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும். இன்று மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை முதலில் சொன்னால் நீ பதறுவாய், ஆனால் ஏன் நடந்தது என்று விளங்காது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. உன் அப்பா பயந்தவன் என்பது உனக்குப் புதுச் செய்தி இல்லை. கவுன்சில் கடிதம் வந்தால் மூன்று நாள் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்திருப்பவன் நான். அதை வைத்து நீயும் அம்மாவும் சிரிப்பீர்கள். ஆனால் இது அந்தப் பயம் இல்லை. இந்தப் பயம் எனக்கு முன்பு ஒருமுறை வந்திருக்க வேண்டும். அப்போது வராமல் போனதுதான் என் வாழ்க்கையில் நடந்த பெரிய பிழை.

ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் இறைச்சிக்கறியும் சாப்பிட்டுவிட்டு, கை துடைத்தும் துடைக்காமலும் நீ மடிக்கணினியைத் திறந்தாய். கிழக்கு லண்டனைச் சின்னச் சின்னப் பிரதேசங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தொழிலிலும் படிப்பிலும் வாழ்க்கையிலும் எவ்வளவு தூரம் முன்னேறக்கூடியது என்று மதிப்பிடுவதுதான் உன் நிறுவனத்துக்குக் கிடைத்த வேலை என்றாய். உழைக்கிற வயதில் எத்தனை பேர், என்ன படித்தவர்கள், டொக்டர் எவ்வளவு தூரம், பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிக் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் எங்கே மாலை வகுப்பு, எங்கே டொக்டர் நிலையம், எங்கே சிறுதொழிலுக்கு இடம் என்று தீர்மானிப்பார்கள். எங்களுடைய நாலைந்து வீதிகளுக்கு மட்டும் புள்ளி விழுந்துபோயிருந்தது. ஆட்கள் குறைவு, இருப்பவர்களும் வயதானவர்கள், பெரிதாக வளர்த்தெடுக்க ஒன்றுமில்லை. இப்படியே போனால் நானும் அம்மாவும் நடந்து போகிற டொக்டர் நிலையத்தையும் தூரத்தில் உள்ள ஒன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்றாய். "இது பிழை அப்பா. இஞ்ச ஆக்கள் இருக்கினம். கணக்கிலதான் இல்லை" என்று நீ சொன்னபோது உன் குரலில் கோபம் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கத்தான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு அந்த வரைபடத்தைக் காட்டினாய். உன் ஆட்கள் இரண்டு கிழமை வீதி வீதியாக நின்று பார்த்திருக்கிறார்கள். எந்த வாசலில் எத்தனை குப்பைப் பை வருகிறது, காலையில் எந்தக் கதவால் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஷிப்டுக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள். சொன்ன தொகைக்கும் கண்ட தொகைக்கும் வித்தியாசம் கூடக் கூட அந்த வீட்டுக்குச் சிவப்பு கூடுகிறது. நீ விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கினாய். எங்கள் வீதி வந்தது. எங்கள் கூரை வந்தது. பழுத்த மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "வடிவா இருக்கு" என்றாள். நான் கேட்டேன், "இந்தப் படம் ஆரிட்டப் போகும்?" நீ, "கிளையண்டுக்கு." நான், "பிறகு?" நீ தோளைக் குலுக்கினாய். "பிறகு அவையின்ர ஃபைல்ல இருக்கும். டோன்ட் வொரி அப்பா. பேர் ஒண்டும் இல்லை. டேட்டா மட்டும்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டாய். "உண்மையை எழுதினா ஆருக்கு என்ன கெட்டுப்போகும்?" நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். உனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

முதலில், உன் கணக்கைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் மேல்மாடிப் பின்னறையில் கபிலனும் ரஜனியும் அவர்களுடைய மகள் மிதுவும் இருப்பது உனக்குத் தெரியும். பிரான்சில் இருந்து வந்தவர்கள், கபிலனுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, யார் கதவைத் தட்டினாலும் ரஜனிக்கு முகம் வெளுத்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண்பிள்ளை படிவத்தோடு வாசலுக்கு வந்தாள். நீ வேலை செய்யும் நிறுவனத்தின் அட்டைதான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் "இரண்டு" என்றேன். அந்த நேரம் பார்த்து மேலே மிது கட்டிலில் இருந்து குதித்தாள். பலகை அதிர்ந்தது. அந்தப் பெண் மேலே பார்த்தாள். நான், "கட்டடம் பழசு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு இரண்டு என்று எழுதினாள். கதவைச் சாத்திவிட்டு நான் செய்த முதல் வேலை வீதியின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போட்டது. "படிவத்தோட ஆக்கள் வருகினம்." ஐந்து நிமிடத்துக்குள் ஏழெட்டுக் கும்பிடும் கைகள் பதிலாக வந்தன. அன்று இந்த வீதியில் இருந்த குடும்பங்கள் பாதியாகச் சுருங்கிவிட்டன. அந்தக் கணக்கைத்தான் நீ கையில் வைத்துக்கொண்டு இது எப்படிப் பிழையானது என்று தலையைப் பிய்த்துக்கொண்டாய்.

இது எங்களுக்குப் பழக்கம், தம்பி. எண்ண வருகிறவனிடம் ஆளைக் குறைத்துச் சொல்வது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. உனக்கு ஆறு வயதில் இதைக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். அப்போது நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருந்தோம். பள்ளிக்கூடத்தில் "என் வீடு" என்று ஒரு படம் வரையச் சொல்லியிருந்தார்கள். நீ பதினொரு பேரை வரைந்தாய். மாமா, மாமி, மாடிப்படிக்குக் கீழே படுத்த அண்ணை, எல்லோருக்கும் சிரித்த வாய், எல்லோருக்கும் ஐந்து விரல். பள்ளிக்கூடத்தால் இது கவுன்சிலுக்குப் போய்விடும் என்று பயந்தேன். கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று பேரை மட்டும் கீறு என்றேன். நீ அழவில்லை. "மற்ற ஆக்கள் எங்க அப்பா?" என்று கேட்டாய். "அவையைப் பற்றி வெளியில கதைக்கக் கூடாது" என்று அதட்டினேன். மூன்று பேரை வரைந்து முடித்தும் தாளில் நிறைய வெறும் இடம் இருந்தது. அதில் நீ ஒரு பெரிய மரத்தை வரைந்தாய். படித்து முடித்து, எத்தனையோ வேலை இருக்க, கணக்கில் விடுபட்ட ஆட்களைத் தேடுகிற வேலையை நீ ஏன் பிடித்தாய் என்று அம்மா அடிக்கடி கேட்பாள். எனக்குக் காரணம் தெரியும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு உன் படத்தைக் கிழித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி உன் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் நான் கந்தோரில் கிளார்க்காக இருந்தேன் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்தபோது விசாரித்தவர்களுக்கும் அதையே சொன்னேன். நான் கிளார்க் இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், திட்டமிடல் பிரிவில் உத்தியோகத்தன். நீ இப்போது செய்கிறாயே, அதே வேலை. மடிக்கணினிக்குப் பதிலாகச் சைக்கிளும், கைப்பையில் ஒரு கட்டுப் படிவமும். எந்தக் கிராமத்தை அபிவிருத்தி செய்யலாம், எங்கே போட்டால் வளரும், எங்கே போட்டால் வீண் என்று பார்த்து எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் "அபிவிருத்தி வாய்ப்பு" என்று இருக்கும். அதற்கு நேரே அதிகம், நடுத்தரம், குறைவு என்ற மூன்றில் ஒன்றில் சரி போட வேண்டும். எனக்கு இருபத்தாறு வயது. ஒரு ஊரின் தலையெழுத்தை என் பேனையால் மாற்றலாம் என்ற எண்ணம் தலைக்கு ஏறியிருந்தது. உன் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை அதே எண்ணத்தைக் கண்டேன்.

குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். மண் நல்லது, தண்ணீர் இருந்தது, ரோட்டுக்குக் கிட்ட. ஒரு தொழிற்பயிற்சி நிலையம் கட்டுவதற்கு அது பொருத்தமான இடமா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். வீடு வீடாகப் போனேன். இளைஞர்களே இல்லை. எந்த வீட்டில் கேட்டாலும் கிழவர், கிழவி, பெண்கள், சின்னப் பிள்ளைகள். யுத்தம் நடந்த அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உனக்குப் புத்தகங்களில் இருந்து தெரியும். பதினெட்டு வயதுப் பொடியன் வீட்டில் இருக்கிறான் என்று ஒரு படிவத்தில் ஏறினால், அவனை யாரோ ஒருவர் கொண்டுபோவதற்கு அது போதும். அதனால் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் படிவத்தில் பிறக்கவே விடவில்லை. பரமேஸ்வரி என்று ஒரு அம்மா. "நானும் மகளும்தான் தம்பி. வேற ஆரும் இல்லை" என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி தந்தார். அவருக்குப் பின்னால் கொடியில் இரண்டு ஆண்பிள்ளைகளின் சேர்ட்டில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். "அது அண்ணையின்ர. பழைய சேர்ட். சும்மா தோய்ச்சுப் போட்டனான்" என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை அவர் என் பேனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கந்தோருக்குத் திரும்பி வந்ததும் மேலதிகாரி படிவங்களைப் புரட்டிவிட்டு, "பொடியள் இல்லாத ஊருக்குப் பயிற்சி நிலையம் எதுக்கடாப்பா? குறைவு எண்டு போட்டு முடி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உனக்குப் பொறுக்காதது மாதிரியேதான். பொடியங்கள் இருக்கிறார்கள், நான் என் கண்ணால் கண்டேன். கொடியில் சேர்ட், சுவரோரம் மேலதிகமாய் ஒரு சைக்கிள், அடுக்களையில் கவிழ்த்து வைத்த சாப்பாட்டுக் கோப்பைகள், கூரைச் சந்தில் செருகிய உயர்தர வகுப்புக் கொப்பி. படிவத்தின் அடியில் உத்தியோகத்தர் குறிப்பு என்று நாலு கோடு இருந்தது. அதில் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். கீழ்வரும் வீடுகளில் கூறப்பட்டதிலும் கூடுதலான இளைஞர்கள் வசிப்பது நேரில் தெரிகிறது. அதற்குக் கீழே பதினொரு வீட்டு இலக்கம். பெயர் ஒன்றுமில்லை, தம்பி. இலக்கம் மட்டும்தான். அபிவிருத்தி வாய்ப்பு: அதிகம். எழுதி முடித்துவிட்டு வெளியே போய் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். அவ்வளவு சந்தோசம்.

அந்தக் கோப்பு எந்த மேசையில் இருந்து எந்த மேசைக்குப் போனது, யார் திறந்தார்கள், யார் பிரதி எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் துப்பாக்கிகளோடு ஆட்கள் அந்தக் கிராமத்துக்குப் போனார்கள். ஊர் முழுவதையும் தேடியிருந்தால் வழக்கமான சுற்றிவளைப்பு என்று நானும் மனத்தைத் தேற்றியிருப்பேன். அவர்கள் ஊரைத் தேடவில்லை. நேராகப் பதினொரு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் கந்தோருக்கு வந்து இதைச் சொல்லும்போது நான் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "எப்பிடித் தம்பி அவைக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாத வீடெல்லாம் சரியாப் போயிருக்கினம்" என்று என்னைக் கேட்டார். நான், "தெரியேல்லை ஐயா" என்றேன். பரமேஸ்வரி அம்மாவுக்கு இரண்டு பொடியங்கள், இருவரையும் கொண்டுபோனார்கள். ஒருவன் எட்டு மாதத்துக்குப் பிறகு வந்தான். மற்றவன் வரவில்லை. பயிற்சி நிலையத்துக்குக் காசு வந்து அத்திவாரமும் வெட்டினார்கள். அதில் சேர்ந்து படிக்க அந்த ஊரில் அப்போது உண்மையாகவே பொடியங்கள் இல்லை.

நான் அந்தப் பக்கம் பிறகு போகவில்லை. போய் அந்த அம்மாவின் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும். பயம். அந்தப் பயத்தில் அடுத்தடுத்த ஊர்களில் என்ன செய்தேன் தெரியுமா? சொன்னதை அப்படியே எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு குறைவு, குறைவு, குறைவு. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அப்படிக் குறைவு போட்ட ஓர் ஊரில் பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்புகளை நிறுத்தினார்கள். பாலம் கட்ட வைத்திருந்த காசு வேறு இடத்துக்குப் போனது. மழைக்காலத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வண்டிலோடு நின்ற கதையை ஒருவர் எனக்குச் சொன்னார். முழுவதையும் கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. ஆகவே எழுதினாலும் பிழை, எழுதாவிட்டாலும் பிழை என்று தத்துவம் பேசுவதாக நினைக்காதே. இரண்டையும் நான் என் கையால் செய்திருக்கிறேன்.

இது லண்டன், அப்பா, அந்த நாடு இல்லை என்று நீ சொல்வாய். ஓம், எனக்கும் தெரியும். இங்கே விடியற்காலையில் கதவைத் தட்டினாலும் கடதாசி காட்டித்தான் தட்டுவார்கள். உன் படத்தைப் பார்த்து யாரும் யாரையும் கொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டு பேர் என்று சொன்ன வீட்டில் ஐந்து பேர் இருப்பதாகப் படத்தில் கண்டால், முதலில் வருவது டொக்டர் நிலையமா, வீட்டைப் பரிசோதிக்க வருகிற ஆளா? கேஸ் முடியாதவன் எந்தச் சிவப்புக் கூரைக்குக் கீழே இருக்கிறான் என்று அறிய விரும்புகிற ஒருவர் கையில் அந்த ஃபைல் ஒருநாள் கிடைக்காது என்று நீ யாரிடம் எழுதி வாங்கினாய்? உன் கிளையண்ட் நல்லவர்களாக இருக்கலாம். என் மேலதிகாரியும் நல்லவர்தான். கந்தோரில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் கோழி அனுப்புகிறவர் அவர். நீ எழுதுகிறபோது உன் மனத்தில் இருக்கிற நல்ல எண்ணம் அந்தக் காகிதத்தோடு கூடப் போகாது. போவது இலக்கம் மட்டும்.

எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் நிலையம் போனால் உன் அம்மாவின் முழங்காலுக்கு நான் எந்தப் பஸ்ஸைப் பிடிப்பேன்? ரஜனி வெட்கத்தை விட்டு மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. என்னால் முடிந்த யோசனை ஒன்றுதான். இங்கே ஆட்கள் கூட இருக்கிறார்கள் என்று சொல். உரத்துச் சொல். நாலைந்து வீதியையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல், யார் வீட்டிலும் போய் அந்தத் தொகை உட்கார வேண்டாம். அந்தக் கூரைப் படத்தை அனுப்பாதே. உன் கணினியிலும் வைத்திராதே. ஆதாரம் எங்கே என்று அவர்கள் நெருக்குவார்கள். உன் பதவி உயர்வு இதில்தான் தங்கியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். எனக்கும் அந்த நாலு கோட்டுக்குப் பிறகு பதவி உயர்வு வந்தது, தம்பி. அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

இப்போது இன்று நடந்ததற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. அன்று அந்தப் பதினொரு வீட்டில் ஒரு வீட்டுக்காவது போய், அம்மா, நான் இப்படி ஒன்று எழுதப் போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேனா? இல்லை. இந்த முறையாவது எண்ணப்படுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்வோம் என்று நினைத்தேன். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலை பத்து மணிக்குக் கபிலன் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு இறங்கினான். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவனையும் ரஜனியையும் குசினியில் சாப்பாட்டு மேசையில் இருத்தி, என் மகன் நல்லதுக்காக இப்படி ஒரு படம் செய்திருக்கிறான், வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறான், அதில் இந்த வீடும் இருக்கிறது என்று சொன்னேன். டொக்டர் நிலையத்தைப் பற்றியும் சொன்னேன். அதை அவர்கள் கேட்டதாகவே தெரியவில்லை.

"அங்கிள், எங்கட பேர் இருக்கோ?" என்று கபிலன் கேட்டான். "பேர் இல்லை. வீடு இருக்கு" என்றேன். அவன் ரஜனியைப் பார்த்தான். அவள் எழும்பி மாடிக்குப் போய் ஹீட்டருக்கு மேல் காய்ந்த மிதுவின் சொக்ஸுகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினாள். நான் பின்னால் ஏறிப் போனேன். இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை, நான் தம்பியோடு கதைக்கிறேன், அவன் என் சொல் கேட்பான், நீங்கள் எங்கும் போகத் தேவையில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கபிலன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஏலாது அங்கிள். பிரான்சிலயும் ஆரோ இப்பிடித்தான் நல்லதுக்கு எழுதினவை. ஒருக்காப் பட்டது போதும்" என்றான். ரஜனி பள்ளிக்கூடத்துக்குப் போய், பல்லு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி மிதுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை சீருடையோடு படியில் இருந்து, "நாங்க எங்க போறம் தாத்தா?" என்று என்னைக் கேட்டது. ஒரு மணிக்கு யாரோ தெரிந்தவரின் வான் வந்தது. எங்கே என்று கேட்டேன். கபிலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமல் இருக்கிறதுதான் உங்களுக்கும் நல்லது" என்றான். அவன் என்னைச் சந்தேகித்துச் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

உன் அம்மா கடையால் வந்து மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இன்னும் கீழே வரவில்லை. பரமேஸ்வரி அம்மாவின் கதையை அவளுக்கு நான் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இதை எழுதி முடித்ததும் ஏறிப் போவேன். நீ எழுதியதால் அவர்கள் போகவில்லை, தம்பி, நீ இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை. நான் வாயைத் திறந்ததால் போனார்கள். இந்த வீட்டுக்கு இனி நீ சிவப்புப் பூசத் தேவையில்லை. மாலை வகுப்பில் ரஜனியின் கதிரை வெறுமையாக இருக்கும், மிதுவின் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை குறையும். எங்கள் வீதி உன் பழைய கணக்கில் சொன்ன மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறது.

அவர்கள் லண்டனை விட்டுப் போகவில்லை. கபிலனுக்கு வேலை இங்கேதான், நாளைக்கும் ஷிப்ட் இருக்கிறது. இன்று பின்னேரம் எங்கோ ஒரு வீட்டில், எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் அவர்களுக்கு ஒரு பின்னறைக் கதவைத் திறந்து விட்டிருப்பார். நாளைக் காலையில் அந்த வாசலில் ஒரு குப்பைப் பை கூடுதலாக வரும். அந்தக் கூரையும் உன் வரைபடத்தில்தான் இருக்கும்.

அப்பா